குருவம்மாளின் மூக்கும் ஆண்டிச்சாமியின் குழாய்களும்

பட்டாசு ஊரான விஸ்வநத்தத்தில் குருவம்மாளிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட முடியும் என்று நம்பிய ஒரே ஆள் அவள் புருஷன் ஆண்டிச்சாமிதான். மற்றவர்கள் எல்லாரும் அவளைத் தெரிந்து வைத்திருந்தார்கள். பால்காரர் தெருமுனை திரும்பும் முன்பே அவர் ஊற்றிய பாலை மோந்து பார்த்துவிடுவாள். புது கேஸ் சிலிண்டர் வந்தால், இறக்கிவைத்த ஆளை வாசலில் நிறுத்திவைத்து, சோப்பு நுரை தடவிப் பார்த்த பிறகுதான் போகவிடுவாள். மகள் பானுப்பிரியாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம், "நல்லா சிரிக்கிறீக. எதுக்குச் சிரிக்கிறீக?" என்று சபை நடுவே கேட்டவள் அவள். அந்த மாப்பிள்ளை இன்று சூலக்கரையில் பானுவை நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறார். ஆனாலும் அவர் சிரிப்புக்கான காரணம் மாமியாருக்கு இன்னும் பிடிபடவில்லை.

பிறவிக் குணம் என்று அவள் தலையில் பழியைப் போட்டுவிட முடியாது. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து பட்டாசு கம்பெனியில், வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை. அறைக்குள் நுழையும் முன், வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஒட்டியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போக வேண்டும். மற்றவர்கள் ஒருமுறை தொட்டால் இவள் உள்ளே போனவள் திரும்பி வந்து இன்னொரு முறை தொடுவாள். பருத்தி அல்லாத துணி உரசினால் பொறி கிளம்பும். பக்கத்தில் உட்கார்ந்தவளின் சேலை கொஞ்சம் மினுங்கினால் போதும், "இது பருத்தியா? கடைக்காரன் சொன்னானா, நீயா பாத்தியா?" என்று முந்தானையைப் பிடித்துக் கசக்கிப் பார்ப்பாள். போர்மேன் அவளைக் கேலி செய்வார். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களை மட்டும் மறக்காமல் அவள் பக்கத்தில் உட்கார வைப்பார்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆண்டிச்சாமியின் தம்பி முத்துப்பாண்டி ஒரு தீபாவளி சீசனில், யாருக்கும் தெரியாமல், இதே வீட்டின் பின்கட்டில் மருந்து கலந்தான். குருவம்மாளின் மூக்கு அப்போதே சொன்னது. கேட்டாள். "அம்மா மேல சத்தியமா இல்ல மதினி" என்றான். அந்த வாரத்திலேயே பின்கட்டின் கூரையும் அவனும் ஒன்றாகப் போனார்கள். தெருவில் விழுந்து புரண்டு அழுத ஆண்டிச்சாமி அதற்குப் பிறகு பட்டாசு வேலைப் பக்கமே போகவில்லை. ஒரு பள்ளிக்கூட வேனுக்கு டிரைவராகப் போய்விட்டார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை அவருக்கு வேலை கிடையாது.

வேலையில்லாத அந்தப் பகல்தான் எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது. செல்போனில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பழைய ரேடியோ சாமான்களைப் பாத்திரம் கழுவும் மெஷினுக்குள் அடுக்கி, மூடி, திறந்து, புத்தம் புதிதாக எடுத்துக் காட்டினார். ஆண்டிச்சாமி வாயைப் பிளந்துவிட்டார். இளவட்டமாக இருந்தபோது கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு ரேடியோ செட் கட்டப் போனவர் அவர். வேப்பமரத்து உச்சியில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு இறங்குவதில் கெட்டிக்காரர். பழைய இரும்பு வியாபாரம் பார்க்கும் பெத்தணனிடம் சொல்லி, ஒதுக்கிப் போட்ட மைக்கு, நசுங்கிய குழாய், செத்துப்போன ஆம்ப்ளிஃபயர் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் கொண்டுவர ஆரம்பித்தார். பாத்திரம் கழுவும் மெஷினுக்கு எங்கே போவது? வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

முதலில் மைக்கின் தலையை இட்லிக் கொப்பரையில் வைத்து அவித்தார். அழுக்கு நன்றாகத்தான் கழன்றது. மறுநாள் இட்லியில் மண்ணெண்ணெயும் கிரீஸும் மணத்தன. அடுத்து, துருப்பிடித்த ஸ்குரூக்களை உமியோடு சேர்த்து, அரசாங்கம் கொடுத்த இலவச மிக்ஸியில் ஓட்டினார். ஜார் இரண்டாகப் பிளந்து ஒரு ஸ்குரூ சாமி படத்துக் கண்ணாடியில் போய் விழுந்தது. சுருங்கிப்போன ஸ்பீக்கரின் காகிதத்தை இஸ்திரிப் பெட்டியால் நீவப் போய், காகிதம் கருகி, பானுவின் கல்யாணத்துக்கு வாங்கிய பெட்டியின் அடியில் அப்பிக்கொண்டது.

அன்றைக்குக் குருவம்மாள் ஆடித் தீர்த்துவிட்டாள். "இது வீடா, ஒர்க்சாப்பா? இனிமே இட்லிக் கொப்பரை, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி இதுல கை வச்சீகன்னா நடக்கிறதே வேற. பிள்ள மேல சத்தியம் பண்ணுங்க."

ஆண்டிச்சாமி சத்தியம் பண்ணினார். பழைய சாமான்கள் எல்லாம் மூட்டையாகக் கட்டிப் பெத்தணன் வண்டியில் ஏறின. வீடு சுத்தமானது. அவர் நல்ல பிள்ளையாக மத்தியானம் தூங்க ஆரம்பித்தார். அவள் நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருக்கக் கையில் ஏதும் சிக்கவில்லை.

பானுப்பிரியாவுக்கு ஏழாம் மாதம் நெருங்கியது. வளைகாப்பு முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். புதிதாகக் கூரை போட்டிருந்த பின்கட்டு அறையை வெள்ளையடித்துக் கட்டில் போட்டாயிற்று. அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைக்கலாம் என்று வாஷிங் மெஷினின் மூடியைத் திறந்த குருவம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே, தொட்டியின் விளிம்பில், சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. விரலால் தொட்டாள். விரல் வெள்ளியாக மின்னியது. அந்த மினுக்கத்தை அவள் கனவில் பார்த்தால்கூட அடையாளம் சொல்வாள். அலுமினியம். கம்பெனிச் சேலையை அவள் ஒருநாளும் மெஷினில் போட்டதில்லை. தனி வாளி, தனித் தண்ணீர், கொல்லைப்புறக் கல். அப்படியானால் இது எப்படி வந்தது?

அன்றிலிருந்து மூக்கு தூங்கவில்லை. நாலைந்து நாள் கழித்துப் பருப்பு வைக்கக் குக்கரை எடுத்தபோது மூடியின் ரப்பர் வளையத்திலிருந்து லேசாக ஒரு வாடை வந்தது. கழுவி மறுபடி மோந்தாள். போகவில்லை. கந்தகம்! பிறகு ஒருநாள் துடைப்பத்தை எடுக்கக் குனிந்தவள், மெஷினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பார்த்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று பொடி உப்பு, கல்கண்டைத் தட்டியதுபோல. அதைத் தொட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, பார்த்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டாள்.

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் அழுக்கு, நாற்றம், ஏதோ சோடா உப்பு என்று மூன்றையும் துடைத்துப் போட்டிருப்பாள். விஸ்வநத்தத்துக்காரிக்கு அந்த மூன்றும் ஒரே கணக்குத்தான். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். மூன்றும் சேர்ந்தால் மணிமருந்து. வெடியை வெடிக்க வைப்பது அதுதான். அவள் கொழுந்தனைக் கொண்டுபோனதும் அதுதான்.

பக்கத்து வீட்டு நர்ஸ் ஜெயசீலி, போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்லிவைத்தாள். "அக்கா, நீங்க வேலைக்குப் போனதும் பெத்தணன் அண்ணன் சாக்கோட வாராக. போகும்போதும் சாக்கோடதான் போறாக."

பெத்தணன் சும்மா ஆள் இல்லை. முன்பு திருட்டுத்தனமாகப் பட்டாசுத் திரி செய்த ஒரு கருந்திரி கேஸில் போலீஸ் பிடித்துக்கொண்டு போன மனுஷன். திருந்திவிட்டேன் என்று சொல்லித்தான் பழைய இரும்புக்கு மாறினார். திருந்தியதை யார் பார்த்தது?

நேராகக் கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றாமல் இல்லை. கேட்டால் என்ன கிடைக்கும்? ஒரு சத்தியம் கிடைக்கும். முத்துப்பாண்டியிடமும் அதுதான் கிடைத்தது. அதட்டிக் கேட்டால் சாமான்களை எடுத்துக்கொண்டு எங்காவது காட்டுக்குள் போய்ச் செய்வார். அங்கே யார் அவரைப் பார்த்துக்கொள்வது? போலீசுக்குச் சொன்னால் பேரன் பேத்தி பிறக்கிற நேரத்தில் புருஷனை விருதுநகர் ஜெயிலில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

ஒன்று மட்டும் அவளால் முடிந்தது. மகளை இந்த வீட்டுக்குள் விடாமல் பார்த்துக்கொண்டாள். வளைகாப்பு அன்று சூலக்கரையில் சம்பந்தி வீட்டில் எல்லாரும் கூடியிருக்க, "எங்க தெருவுல அம்மை போட்டிருக்கு. வயித்துப் பிள்ளக்காரிய அங்கன கூட்டிட்டுப் போகக் கூடாது. இறங்கட்டும், வந்து கூட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போதே நாக்கு ஒட்டிக்கொண்டது. அம்மன் பேரில் பொய். பஸ்ஸில் திரும்பும்போது இருக்கன்குடி மாரியம்மாளுக்கு மனசுக்குள்ளேயே விழுந்து கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆண்டிச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தெருவுல யாருக்குடி அம்மை?" என்றார்.

"எல்லாந் தெரிஞ்ச மாதிரி பேசாதீக. உங்களுக்கு எதுதான் தெரியும்!" என்று வாயை அடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைச் சிரிக்காமல் சொல்ல முடியாது. குருவம்மாள் அடுப்பைக் கொல்லைக்கு மாற்றினாள். சாமி விளக்கை வாசல் மாடத்தில் ஏற்றினாள். தீப்பெட்டி அவள் இடுப்புச் சுருக்குப் பையை விட்டு இறங்கவில்லை. ஆண்டிச்சாமி பீடியை எடுத்தால் போதும், தெருவைத் தாண்டி ஓடைப் பக்கம் போகும் வரை பின்னாலேயே நடந்தாள். வீட்டுக்குள் செருப்புப் போடக் கூடாது, டெரிகாட்டன் சட்டை போடக் கூடாது. காற்றில் ஈரம் இருந்தால் பொறி எழாது என்று சாக்கை நனைத்து வாசலில் தொங்கவிட்டாள்.

"எதுக்குடி ஈரச் சாக்கு?"

"வெக்கையா இருக்கு."

ஆண்டிச்சாமிக்கு இப்போது அவள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. தன் திருட்டுத்தனம் தெரிந்துபோய், வாயால் கேட்காமல் வதைத்து வாங்குகிறாள் என்று நினைத்தார். தெரிந்துவிட்டது என்றால் இத்தனை நாள் கத்தாமல் இருப்பாளா? இவள் கத்தாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து என்று பயந்தார். இருவரும் சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி சாப்பிட்டார்கள்.

பொய்க்குக் கால் முளைத்துச் சூலக்கரை வரை நடந்துவிட்டது. ஒரு சாயங்காலம் பானு போனில் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"எம்மா, நான் ஜெயசீலி அக்காட்ட பேசிட்டேன். தெருவுல யாருக்கும் அம்மை இல்லையாமே."

குருவம்மாள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"என்னைய வர வேண்டாம்னு நேரா சொல்லிரும்மா. எங்க அத்தை குத்திக் குத்திக் காமிக்காக. பெத்தவளுக்கே பாரமாயிட்டேன்னு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். நீ வந்து கூட்டிட்டுப் போனா வாரேன். இல்லேன்னா இங்கனயே பெத்துக்கிறேன். ஆனா அதுக்குப் பொறவு உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்மா."

"ஏத்தா, பானு..." என்பதற்குள் போன் அணைந்துவிட்டது. குருவம்மாள் கொல்லையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். சொல்லாவிட்டால் மகள் போய்விடுவாள். சொன்னால் விஷயம் வெளியே தெரிந்து புருஷன் ஜெயிலுக்குப் போய்விடுவார். ஒன்றும் செய்யாவிட்டால் வீடே போய்விடும். இப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்தின ஆண்டிச்சாமி உள்ளே டி.வி. பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் கம்பெனிக்கு அதிகாரிகள் சோதனைக்கு வந்ததால் மத்தியானத்துக்கு முன்பே எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். குருவம்மாள் தெருவுக்குள் திரும்பும்போதே பெத்தணனின் மொபட் வாசலில் நின்றது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே வாஷிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. துணி சுற்றும் சத்தம் இல்லை. கடகடவென்று இரும்பு உருளும் சத்தம். மருந்தை அரைக்கிறார்கள்! மெஷினில் போட்டு அரைக்கிறார்கள்!

தண்ணீர் ஊற்றக் கூடாது. மருந்தில் இருக்கும் அலுமினியப் பவுடர் ஈரம் பட்டால் சூடேறும். அவளுக்கு அது பாலபாடம். ஜெயசீலி வீட்டு மாடி வேலைக்காகக் கொட்டியிருந்த மணலில் இரண்டு வாளி அள்ளினாள். செருப்பை உதறினாள். கை தரையைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தது. அவ்வளவு பதற்றத்திலும் அந்தப் பழக்கம் விடவில்லை. காலால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"ரெண்டு பேரும் வெளிய ஓடுங்க! ஓடுங்கலே!"

மெஷின் பக்கத்தில் குந்தியிருந்த ஆண்டிச்சாமியையும் பெத்தணனையும் அவள் பார்க்கவே இல்லை. முதல் வாளி மணல் தொட்டிக்குள் விழுந்தது. இரண்டாவது மேலும் சுற்றிலும் விழுந்தது. மெஷின் ஒருமுறை முனகியது. ஒருமுறை உதறியது. அடியிலிருந்து ஒரு புகை கிளம்பி, எல்லாம் நின்றுபோனது. பெத்தணன் அதற்குள் தெருவில் இருந்தார். ஆண்டிச்சாமி மட்டும் அசையவில்லை.

"என்னடி பண்ணிட்ட!" என்று கத்தினார். மணலுக்குள் கையை விட்டு எதையோ தோண்டி எடுத்தார். குழாய் ஒலிபெருக்கியின் கழுத்துத் துண்டு. அலுமினியம். இன்னொன்றை எடுத்தார், இன்னொன்று. வெள்ளியாகப் பளபளத்தவை எல்லாம் இப்போது மணல் அப்பி, பல் பல்லாகக் கீறல் விழுந்து கிடந்தன. "பாதி உருட்டி முடிச்சிருந்தேன். எப்படி மினுங்குச்சு தெரியுமா..."

குருவம்மாள் குனிந்து பார்த்தாள். "அது என்னது?"

"குழாய்தான். வேற என்னது?"

"கெந்தகம் எங்கன?"

"எந்தக் கெந்தகம்?"

"குக்கர்ல கெந்தகம் மணக்கு!"

ஆண்டிச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். "பழைய ரப்பர் வாசரு. வெறைச்சுப் போயிருந்துச்சு. இளகட்டும்னு குக்கர்ல வேக வச்சேன். ரப்பர்ல கெந்தகம் கலப்பாக, அது அப்படித்தான் நாறும். கொப்பரை, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி மூணுலயும் கை வைக்கக் கூடாதுன்னுதான சத்தியம் வாங்குன? குக்கரையும் மெஷினையும் நீ சொல்லலையே."

"அந்த உப்பு?"

"துரு எடுக்க எலுமிச்சை உப்பு. கடையில விக்கிறது." கவரை எடுத்து ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டார். முகம் அஷ்டகோணலாகியது.

அவள் அதையும் நம்பவில்லை. கவரைப் பிடுங்கித் தன் நாக்கிலும் ஒரு துளி வைத்துப் பார்த்தாள். பல் கூசும் புளிப்பு. அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். வாசலிலிருந்து பெத்தணன் பாதித் தலையை நீட்டி, "நான் அப்பவே சொன்னேன் மதினி, மதினிட்ட சொல்லிட்டுச் செய்யுங்கன்னு" என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மொபட் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஆண்டிச்சாமி வாசலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். உப்பு, கந்தகம், அலுமினியம், வாசலில் ஈரச் சாக்கு, இடுப்பில் தீப்பெட்டி. ஒவ்வொன்றாக அவருக்கு விளங்கியது. முகம் கறுத்தது.

"நான் மருந்து கலக்கேன்னா நினைச்ச?" என்றார் மெதுவாக. "எந்தம்பிய அள்ளி எடுத்த இந்த வீட்டுலயா?"

அவள் கையிலிருந்த கவரை மடித்து மடித்துச் சுருட்டினாள்.

"என்னையப் பத்தி அப்படி நினைக்க உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?" மணலையும் குழாய்களையும் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய் நின்றுகொண்டார். அவருக்கு வலித்தது. மெஷின் போனதாலோ குழாய் போனதாலோ இல்லை. அழுக்குச் சாமானை மினுக்கிப் பார்க்கும் ஆசை ஒன்றுதான் அவர் செய்த குற்றம். அதற்கு இவ்வளவு பெரிய பழியா என்று மனசு பொருமியது.

பிறகு அவரே திரும்பி வந்தார். "அதுக்குத்தான் பிள்ளைய வர விடலையா?"

"ஆமா" என்றாள் குருவம்மாள். பானு வைத்த கெடுவையும் சொன்னாள். "நான் போன் பண்ணா எடுக்க மாட்டா."

ஆண்டிச்சாமி செல்போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். "ஏத்தா, துணிமணிய எடுத்து வையி. சாயங்காலம் வேனை விட்டுட்டு நானும் உங்கம்மாவும் வந்து கூட்டிக்கிறோம்... கோவப்படாதத்தா. தப்பு அவ மேல இல்ல, என் மேல. வீட்டுல பழைய சாமானப் போட்டு உருட்டிக்கிட்டு இருந்தேன். உங்கம்மா பயந்துட்டா... எல்லாத்தையும் வந்து கேட்டுக்கோ. முதல்ல வா." அந்தப் பக்கம் மகள் அழுவது குருவம்மாளுக்கும் கேட்டது.

போனை வைத்துவிட்டு மணலை முறத்தில் அள்ள ஆரம்பித்தார் ஆண்டிச்சாமி. அவளும் எழுந்து வந்து எதிரில் குந்தினாள். பாதி அள்ளியதும் அவர் கை நின்றது.

"ஏ குருவம்மா, பிள்ள இங்கன வந்தா செத்துருவான்னு பயந்து தடுத்துட்ட. சரி. எந்நேரமும் வெடிச்சிரும்னு தெரிஞ்ச வீட்டுல நீ எதுக்கு இருந்த? உங்க அக்கா வீட்டுக்குப் போயிருக்கலாம்ல. தினமும் எம் பக்கத்துலதான வந்து படுத்த?"

குருவம்மாள் நிமிரவில்லை. மணலை அள்ளி முறத்தில் போட்டாள்.

"நீங்க உள்ள இருக்கீகள்ல" என்றாள்.